நம் ஆட்கள் இல்லாத நாடு

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தொழிலில் இருப்பவர்கள் அநேகமாக வெளிநாடு பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்த அதிகபட்ச வெளிநாடு மீனம்பாக்கம் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுதான். தி.நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். லிஃப்ட் ஜவுளிக்கடைக்காரருடையது. எங்களிடம் வருகிறவர்கள் படியேறித்தான் வரவேண்டும். மூச்சு வாங்க வந்து உட்காருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர், அப்புறம் நாடு.

கனடாவும் ஜெர்மனியும் பார்ப்பவர்களுக்குத் தனித்தனிக் கண்ணாடி அறை உண்டு. எனக்கு அறை கிடையாது. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதன்மேல் எங்கள் முதலாளி பாஸ்கர் சார் அடித்து வைத்த அட்டை: ‘அதிகம் அறியப்படாத ஐரோப்பா’. லிதுவேனியா, லாத்வியா, எஸ்டோனியா, ஸ்லோவேனியா, மால்டா எல்லாம் என் தலையில். பெரிய நாடுகள் கைவிட்டவர்கள்தான் என்னிடம் வருவார்கள். அக்காவைப் பெண் கேட்டுப் போய், கிடைக்காமல் தங்கைக்குச் சம்மதித்த மாப்பிள்ளையின் முகத்தோடு வந்து உட்காருவார்கள். கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்டவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். கேள்வி நம்மோடு பஸ் ஏறி வீட்டுக்கு வரும்.

எந்த ஸ்லோ?

கோபாலபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். அவர் மகனுக்கு ஸ்லோவேனியாவில் மேல்படிப்புக்கு இடம் வாங்கிக் கொடுத்திருந்தோம். மனிதர் ஸ்லோவாகியா என்று நினைத்துக்கொண்டு, தினமும் காலையில் காபியோடு அந்த நாட்டின் வெயில் மழை நிலவரத்தைப் போனில் பார்த்து வந்திருக்கிறார். அங்கே என்ன விளைகிறது, எந்தச் சண்டையில் யாரிடம் தோற்றார்கள் என்பதுவரை மனப்பாடம். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை மகன்தான் சரியாகப் படித்துச் சொல்லியிருக்கிறான்.

நான் வரைபடத்தை விரித்து இரண்டும் வேறு வேறு நாடு என்று காட்டினேன். நடுவில் இன்னொரு நாடே இருக்கிறது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வரைபடம் மாறவில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்:

“பையன் எங்க வேணா போகட்டும் மேடம். என் வீட்டுக்காரி அபார்ட்மெண்ட் பூரா ஸ்லோவாகியான்னு சொல்லி ஸ்வீட் கொடுத்துட்டா. நாட்டைக் கொஞ்சம் மாத்தித் தர முடியுமா பாருங்களேன்.”

பொங்கல் படம்

எங்கள் தொழிலில் ஒரு மந்திர வாக்கியம் உண்டு. “அங்க நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க.” குளிரைப் பற்றி, மொழியைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தெளியாத முகம் இந்த ஒரு வரியில் தெளிந்துவிடும். இதற்காகவே என் போனில் நாட்டுக்கு ஒன்றாகப் பொங்கல் படம் வைத்திருக்கிறேன். குளிர்க்கோட்டுக்குக் கீழே வேட்டி தெரிய, மின்சார அடுப்பில் குக்கரை ஏற்றி, அதன் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, சுற்றி நின்று ஈ என்று இளித்துக்கொண்டிருப்பார்கள்.

தினேஷும் சுகன்யாவும் வந்து உட்கார்ந்தபோதும் அந்தப் படத்தைத்தான் முதலில் நீட்டினேன். தினேஷ் அடையாற்றுக் கரையில் பிறந்தவன். அங்கே குடிசைகளை எடுத்தபோது குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவன். தேனாம்பேட்டையில் மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கும் கடையில் தச்சு வேலை. சுகன்யா தெற்கத்திப் பெண். அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். இருவருக்கும் பதிவுத் திருமணம் ஆகியிருந்தது. தினேஷ் என் போனை வாங்கி, படத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். சந்தோஷப்படுகிறான் என்று நினைத்தேன். சுகன்யா, “இவங்கள்லாம் எந்த ஊர்க்காரங்க மேடம்?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அவன் சாதி வேறு. அவள் வீட்டில் அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. அண்ணன் ஒருமுறை பரிசோதனை நிலையத்துக்கே வந்து விசாரித்திருக்கிறான். அன்றோடு வேலையை விட்டுவிட்டாள். பிடித்தால் இரண்டு பேரையும் உயிரோடு விட மாட்டார்கள் என்பதை, எந்த பஸ்ஸில் வந்தாள் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். அவளுடைய பட்டச் சான்றிதழ் எல்லாம் ஊரில் பீரோவுக்குள் இருக்கிறது. அதனால் பாக்கிங் வேலையானாலும் சரி என்றாள். நான் வழக்கம்போல் சம்பளம், தங்குமிடம் என்று ஆரம்பித்தேன். தினேஷ் கையமர்த்தினான்.

“அத்தெல்லாம் அப்பால பாத்துக்கலாம் மேடம். நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இல்லாத ஊரு எதுனா கீதா? அத்த குடுங்க, போதும்.”

சங்கம் வைத்தவர்கள்

உலகம் பெரியது என்று சொல்கிறவர்கள் இந்த வேலையை ஒரு வாரம் பார்க்கட்டும். நம் ஆட்கள் இல்லாத ஊர் என்று தேடத் தொடங்கினால் எங்கே போனாலும் ஒருவர் நின்று கையசைக்கிறார். எஸ்டோனியாவில், சூரியன் ஏனோதானோவென்று வந்துபோகிற ஒரு சின்ன ஊரில், தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஒரு கார் வாடகைக்கு எடுத்தால் மொத்தச் சங்கமும் ஏறிக்கொள்ளலாம். அதுவும் இரண்டாக உடைந்து, ஆளுக்கொரு பொங்கல் கொண்டாடுகிறது.

கடைசியில் ரகுவைக் கூப்பிட்டேன். என் மூலமாக லிதுவேனியா போனவன். தலைநகரில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். புதிதாக வருகிறவர்களுக்கு அறை பார்த்துக் கொடுப்பதும் அவன்தான். நல்ல பையன். நம் ஆட்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவனிடம்தானே எங்கே இல்லை என்று கேட்க முடியும்? தலைநகரிலிருந்து பஸ்ஸில் வெகுதூரம் போனால் ஒரு ஊர், அங்கே மரச்சாமான் தொழிற்சாலை இருக்கிறது, இந்தியாக்காரர் என்று யாருமே இல்லை என்றான். அந்தத் தொழிற்சாலை எங்கள் பட்டியலிலும் இருந்தது. நிம்மதியாகப் போனை வைக்கப் போனேன். “யாரு மேடம் வராங்க?” என்றான். யாரோ, சென்னைதான் என்றேன். சென்னையில் எந்தப் பக்கம்? சொந்த ஊர் எது? ஊருக்குள் எந்தத் தெரு?

இந்தக் கேள்வி எந்தப் படியில் ஏறி எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும். பனியில் நின்றுகொண்டு பேசுகிறான், பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. கேள்வி மட்டும் தெளிவாக வருகிறது. அதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான். அவனுக்குக் கோபமே இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். யாரு என்னன்னு தெரிஞ்சாத்தானே எந்த ரூம்ல யாரோட போடறதுன்னு பாக்க முடியும்?”

வடமேற்கு

மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மாள், மகனை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். மகனுக்கு முப்பது இருக்கும். ஜெர்மனி மறுத்து, அயர்லாந்து மறுத்து, என் மேஜைக்கு வந்து சேர்ந்தவன். “ஆத்துல ஜோசியர் பாத்துட்டு, வடமேற்குதான் இவனுக்குன்னு சொல்லியிருக்கார். நீங்க சொல்ற எஸ்டோனியா வடமேற்கா, வெறும் வடக்கா? செத்த பார்த்துச் சொல்லுங்கோ” என்றார். நான் படித்தது வணிகவியல். ஆனாலும் வரைபடத்தை மேஜையில் திருப்பி, ஜவுளிக்கடையின் வாசல் எந்தத் திசை என்று விசாரித்து, சென்னையிலிருந்து ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தோம். அம்மாளுக்குத் திருப்தியில்லை. கோடு கொஞ்சம் வடக்காகச் சாய்கிறது என்றார். மால்டா சரியாக இருக்கும்போலிருக்கிறது, ஆனால் அது தீவு, இவனுக்கு ஜலகண்டம் வேறு.

மகன் இது எதிலும் கலந்துகொள்ளவில்லை. தண்ணீர் கேனில் குமிழி மேலே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகிறாரா என்று கேட்டேன். அம்மாள்தான், “ஆன்லைன்ல ஏதோ பண்ணிண்டு இருக்கான்” என்றார். காலேஜ் சிநேகிதர்கள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டதையும், சாயங்காலம் இவன் வெளியே கிளம்புவதே நின்றுபோனதையும் சொல்லிவிட்டு, அளவுகோலை மறுபடி எடுத்தார். அவன் அதை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

“அம்மா, நான் அந்த ரூம்லேந்து வெளில வந்தாப் போறும்மா. எந்தத் திக்கா இருந்தா என்ன?”

மண்

அடையாறிலிருந்து வந்த பெரியவருக்கு ஒரே மகள். மால்டாவில் நர்ஸ். நான்தான் அனுப்பினேன். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓடி வந்து, கடைசி முறை காரியத்துக்கு வந்துவிட்டுப் போனாள். இப்போது அப்பாவைத் தன்னோடு கூப்பிடுகிறாள். பெரியவர் காகிதமெல்லாம் ஒழுங்காகக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். “அங்க செத்தா எரிக்க மாட்டாங்களாமே, புதைக்கத்தான் செய்வாங்களாமே, நிஜமா?” என்று கேட்டார். அப்போது அங்கே எரிக்கிற இடம் கிடையாது. நான் எத்தனையோ கேள்விக்குப் பூசி மெழுகியிருக்கிறேன், இதற்கு முடியவில்லை. ஆமாம் சார் என்றேன்.

“அவளை பெசன்ட் நகர்ல எரிச்சேன். என்னை மட்டும் எங்கயோ தீவுல புதைச்சா, எப்படிம்மா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எங்கள் அலுவலகத்தில் காகிதங்களைச் சரிபார்க்கும் யாஸ்மின் ராயப்பேட்டைக்காரி. அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே தோல் பை தைத்து விற்கிறது. முந்தின மாதம்தான், வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் பேர் கேட்டதும் கதவைச் சாத்திய கதையை எனக்குச் சொல்லியிருந்தாள். ஸ்டேப்ளர் அடிப்பதை நிறுத்திவிட்டு, பெரியவர் பக்கம் திரும்பினாள்.

“எங்களுக்கு அந்தக் கவலை இல்ல அங்கிள். மண்ணு எல்லா ஊர்லயும் கீது. உசுரோட இருக்கசொல்லதான் எங்கயும் இடம் குடுக்க மாட்றாங்க.”

அப்பா பெயர்

வெள்ளைக்காரனுக்கு மனிதன் என்றால் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு இருப்பது ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி விடுகிறார்கள். விளைவு, ஐரோப்பா போய் இறங்குகிற ஒவ்வொரு தமிழனும் அன்றிலிருந்து அவன் அப்பாவாகிவிடுகிறான். ஆபீசில் அப்பா பெயர், வங்கியில் அப்பா பெயர், வாசல் மணியில் அப்பா பெயர். சாதாரணமாக இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். தினேஷும் சிரித்தான். “எங்கப்பன் பேரு ஏழுமலை. மிஸ்டர் ஏழுமலைன்னு கூப்ட்டா இவுரு எங்க இங்க வந்தாருன்னு நான் பின்னால திரும்பிப் பாப்பேன்” என்றான்.

சுகன்யா சிரிக்கவில்லை. அவள் பாஸ்போர்ட்டில் சுகன்யா ராமலிங்கம் என்று இருந்தது. ரகு சொன்ன மரச்சாமான் தொழிற்சாலையில் இருவரையும் எடுத்துக்கொண்டு அனுப்பிய கடிதத்தில் ‘அன்புள்ள திருமதி ராமலிங்கம்’ என்று ஆரம்பித்திருந்தார்கள். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, இதை மாற்ற முடியாதா என்று கேட்டாள். மாற்றலாம். கல்யாணச் சான்றிதழைக் காட்டிப் புது பாஸ்போர்ட் வாங்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை வரும். அது அறை எடுத்துத் தங்கியிருக்கிற விலாசத்துக்கு வருமா, பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிற ஊர் வீட்டுக்குப் போகுமா என்று யாஸ்மின் பல இடத்தில் கேட்டுப் பார்த்தாள். அடித்துச் சொல்ல யாரும் தயாராக இல்லை. ஊர் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் போய் நின்று ‘உங்க பொண்ணு வெளிநாடு போகுதாமே’ என்று கேட்டால் அவ்வளவுதான். மாற்ற வேண்டாம் என்று மூவருமாக முடிவுசெய்தோம்.

சுகன்யா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அழுவாள் என்று நினைத்து நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். அவள் அழவில்லை.

“அவருகிட்டருந்து தப்பிச்சுத்தான் அம்புட்டுத் தூரம் போறேன். அங்கயும் நாள் பூரா அவரு பேரச் சொல்லித்தான் என்னையக் கூப்பிடுவாங்களா மேடம்?”

பொன்னாடை

விசா வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒரு சடங்கு உண்டு. பாஸ்கர் சார் தன் கையால் ஒரு சரிகைத் துண்டைப் போர்த்துவார். ஒரு கையில் பாஸ்போர்ட், இன்னொரு கையில் அந்த நாட்டுக் காகிதக் கொடி. போட்டோ எடுத்து, வாழ்த்து எழுதி, இருக்கிற எல்லா இடத்திலும் போடுவார். மாடிப்படி நெடுக அந்த ஃப்ளெக்ஸ்கள்தான். படியேறி மூச்சு வாங்குகிறவர்களுக்கு அது ஒரு உற்சாகம் என்பது அவர் கட்சி. துண்டு ஒன்றுதான். போட்டோ முடிந்ததும் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்.

தினேஷ், சுகன்யா இருவருக்கும் ஒரே நாளில் விசா வந்தது. போட்டோ வேண்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே பாஸ்கர் சாரிடம் எல்லாக் கதையையும் சொல்லியிருந்தேன். அவருக்கும் கண் கலங்கியது, அதையும் சொல்ல வேண்டும். “சரி, ஆபீஸ் ரெக்கார்டுக்கு மட்டும் ஒண்ணு” என்று எடுத்தார். அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் படியேறி வந்தால், அவருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் அந்தப் படம். பத்திரமாக இரண்டு முகத்தின் மேலும் ஒவ்வொரு சூரியகாந்திப் பூவை ஒட்டியிருந்தார். கீழே தங்க எழுத்தில்: ‘லிதுவேனியா செல்லும் சுகன்யா ராமலிங்கம், தினேஷ் ஏழுமலை தம்பதிக்கு வாழ்த்துகள்’.

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். கனடா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் உடனே எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் பார்த்தாகிவிட்டது. அதில் இரண்டு பேர் நல்ல செய்தியாயிற்றே என்று தங்கள் குரூப்பில் வேறு போட்டிருந்தார்கள். பாஸ்கர் சாருக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்பது கடைசிவரை முழுசாகப் புரியவில்லை.

“மூஞ்சியத்தான் மறைச்சிட்டேனே உமா!”

சான்றிதழ்

அவர்கள் விமானம் ஏறிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன். அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலையில், நன்றாக இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு இளைஞன் படியேறி வந்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான். யாரும் எங்கள் அலுவலகத்தில் அப்படிச் செய்வதில்லை. “சுகன்யாவோட அண்ணன் மேடம். முருகானந்தம்” என்று கை கூப்பினான்.

அப்படி யாரும் இங்கே வரவில்லை என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை, குரலை உயர்த்தவில்லை. போனில் அந்தச் சூரியகாந்திப் படத்தைக் காட்டினான். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மேஜைமேல் வைத்தான். உள்ளே அவளுடைய பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம். ஓரம் மடங்காமல் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. “இதை வச்சுட்டுப் போயிருச்சு மேடம். இது இல்லாம அங்க என்ன வேலை கிடைக்கும் சொல்லுங்க. சின்னதுல இருந்து அப்பிடித்தான், எதையாவது மறந்துரும்” என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு அண்ணனின் சலிப்புதான் இருந்தது. இத்தனை வருடமாக எத்தனையோ முகத்தைப் பார்த்து, இவனுக்கு விசா கிடைக்கும், இவனுக்குக் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றுமே சொல்லத் தெரியவில்லை. பாசமா, தூண்டிலா?

ஒருவேளை பாசமாகவே இருந்தால் என்று ஒரு சபலம். அவளுக்கு அது உபயோகப்படுமே என்ற ஆசை வேறு. “கொடுத்துட்டுப் போங்க. கூரியர்ல அனுப்ப வழி இருக்கான்னு பாக்கறேன்” என்று கையை நீட்டினேன். அவன் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மரியாதையாகத்தான் இழுத்தான்.

“வேணாம் மேடம். என் தங்கச்சிக்கு நானே நேர்ல போயிக் கையில குடுத்துக்கிறேன். எனக்கும் அதே ஊருக்குப் போட்டுக் குடுங்க.”

கிளையன்ட்

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் எழுந்து, நேராகப் பாஸ்கர் சார் அறைக்குப் போனான். கனரக வாகன லைசென்ஸ் வைத்திருந்தான். லிதுவேனியாவில் லாரி ஓட்ட ஆள் எப்போதும் எடுக்கிறார்கள். அங்கே போய் இறங்கினால் போதும், புதிதாக வந்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ரகுவே சொல்லிவிடுவான். சாயங்காலத்துக்குள் முன்பணம் கட்டிவிட்டான். நான் தொட மாட்டேன் என்றதும் ஃபைல் ஜெர்மனி அறைக்குப் போயிற்று. அங்கே இருக்கிற தம்பிக்கு ஃபைல் என்றால் ஃபைல்தான்.

யாஸ்மின் தன்னால் முடிந்ததைச் செய்தாள். முருகானந்தத்தின் போட்டோவைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். காது தெரியவில்லை, பின்னால் நிழல் விழுகிறது, பின்னணி வெள்ளை இல்லை, சந்தன வெள்ளை. அவன் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு முறையும் படியிறங்கிப் போய்ப் புதிதாக எடுத்துக்கொண்டு வந்தான். வரும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் உறை கையில் இருந்தது. கடைசியில் போட்டோ சரியாகிவிட்டது. அதன் பிறகு திருப்பி அனுப்ப அவளிடம் எதுவும் இல்லை.

பாஸ்கர் சாரிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். போலீஸில் சொல்லலாம் என்றேன். என்னவென்று சொல்வாய் என்று கேட்டார். வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டான் என்றா? அவன் யாரையும் மிரட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. நான் கேட்டதெல்லாம் சுகன்யா சொன்னதுதான். மனிதர் கெட்டவர் இல்லை. என் மகள் படிப்புக் கடனுக்கு அவர்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மேஜைமேல் இருந்த கொடிகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அண்ணன்காரன் தங்கச்சி இருக்கற ஊருக்குப் போறான். நாம யாரு தடுக்கறதுக்கு? அவனும் நம்ம கிளையன்ட்தான் உமா.”

சின்ன நாடு

விசா வந்த அன்று முருகானந்தத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு மாடிப்படிக்குப் போய் சுகன்யாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். அவன் மனுப் போட்டபோதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்போதே சொன்னேன். விசா கிடைக்காது, கவலைப்படாதே என்றும் சேர்த்துச் சொன்னேன். என் அனுபவத்தில் அப்படித்தான் தோன்றியது.

அவள் குரல் நன்றாகத் தெளிந்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவளே பேசத் தொடங்கிவிட்டாள். தினேஷையும் முதலில் பாக்கிங்கில்தான் போட்டார்களாம், இப்போது மாற்றி, அலமாரிக் கதவு பொருத்துகிற இடத்தில் போட்டிருக்கிறார்களாம். அந்த ஊர்ப் பாஷையில் ரம்பத்துக்கும் ஆணிக்கும் பெயர் கற்றுக்கொண்டுவிட்டானாம். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கை கோத்துக்கொண்டு நடந்தார்களாம். “பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து வாரவங்க பேருகூடக் கேக்க மாட்டாங்க மேடம். மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப அதுதான் பிடிச்சிருக்கு” என்றாள். இத்தனை நாளில் அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்து, விஷயத்தைச் சொன்னேன். அதைச் சொல்ல நேர்ந்ததுபோல் ஒரு வேலை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வாய்த்ததில்லை.

தொழிற்சாலைக்குள்ளிருந்து மரம் அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. அவர்களுடைய வேலை அனுமதி அந்தத் தொழிற்சாலையோடு கட்டிப்போட்டது, வேலையை விட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊர் போலீஸில் இப்போதே சொல்லி வை, என்னிடம் இருக்கிற விவரமெல்லாம் அனுப்புகிறேன் என்றேன். சரி என்றாள். எந்த மொழியில் சொல்வது, எதை என்று சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தினேஷிடம் போனைக் கொடுக்கட்டுமா என்று அவளே கேட்டு, வேண்டாம், அவன் கதவு பொருத்திக்கொண்டிருக்கிறான் என்று அவளே சொன்னாள். அப்புறம், கடையில் சைஸ் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்:

“இதை விடச் சின்ன நாடு ஏதாச்சும் இருக்கா மேடம்?”

ஊரை விட்டு ஒருவரை அனுப்பி வைப்பது எங்கள் தொழிலில் முடிகிற காரியம்தான்; ஊரும் வரிசையில் நின்று விசா வாங்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பும் என்பதைத்தான் நாங்கள் விளம்பரத்தில் போடுவதில்லை.